‘ஃபாஸ்ட்’ என்ற சொல்லுக்கு வேகம் வந்த வழி

‘கலர் ஃபாஸ்ட்’ என்று அச்சிட்ட துணியில் சாயம் இருந்த இடத்தை விட்டு நகராது. ‘ஃபாஸ்ட் ரன்னர்’ என்பவரோ ஓரிடத்தில் நிற்கமாட்டார். இவ்விரண்டும் ஒரே சொல்லா, அல்லது ஒலியில் மட்டும் ஒத்த இருவேறு சொற்களா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். ஒலி ஒத்துப்போன வேறுவேறு சொற்கள் ஆங்கிலத்தில் உண்டு. கனமற்றது, வெளிச்சமானது என்ற இரு பொருளையும் தரும் ‘லைட்’ அப்படிப்பட்டது. ‘ஃபாஸ்ட்’ அந்த வகை அன்று. அது ஒரே வேரிலிருந்து கிளைத்த சொல்.

பழைய ஆங்கிலத்தில் ‘ஃபேஸ்ட்’ என்ற பெயரடை உறுதியான, அசையாத, இறுகிய என்றே பொருள்பட்டது. வேகத்தின் சாயல்கூட அதில் இல்லை. இறுகக் கட்டுவதைக் குறிக்கும் ‘ஃபாஸன்’, நிலைகுலையாதவரைக் குறிக்கும் ‘ஸ்டெட்ஃபாஸ்ட்’ ஆகியவற்றில் அந்தப் பழம்பொருள் இன்றும் வாழ்கிறது. உண்ணாநோன்பைக் குறிக்கும் ‘ஃபாஸ்ட்’டும் இதே குடும்பம்தான். ஆங்கிலத்தின் பழைய உறவு மொழியான கோதிக்கில் 4ஆம் நூற்றாண்டில் செய்யப்பட்ட விவிலிய மொழிபெயர்ப்பில், கடைப்பிடித்தல், நோன்பிருத்தல் ஆகிய இரண்டிற்கும் ஒரே வினைச்சொல் வருகிறது.

வேகம் வந்து சேர்ந்தது பெயரடையின் வழியாக அன்று, வினையடையின் வழியாக. எனக்கு இக்கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். ‘ஃபேஸ்டே’ என்ற வினையடைக்கு ‘இறுக, உறுதியாக’ என்று பொருள். நிற்பது, பிடிப்பது, கட்டுவது போன்ற வினைகளோடு சேரும்போது அது அசைவின்மையையே வலியுறுத்தியது. போரிடுவது போன்ற வினையோடு சேர்ந்தபோதோ, உறுதியாகப் போரிடுதல் என்பது முழு வலுவோடு போரிடுதல் என்றாகிவிடுகிறது. அதே அடையை ஓடுதல் என்ற வினையின் பக்கத்தில் வையுங்கள்: முழு வலுவோடு ஓடுபவர் விரைவாகத்தானே ஓடுவார்? பேசியவர் ‘வலுவாக’ என்று நினைத்துச் சொன்னதைக் கேட்டவர் ‘விரைவாக’ என்று புரிந்துகொண்டாலும் உரையாடலில் எந்தச் சிக்கலும் எழாது; ஆகவே யாரும் யாரையும் திருத்தவில்லை, புதிய பொருள் ஓசையின்றி நிலைபெற்றுவிட்டது. துரத்துபவர் இரையை ஒட்டியே ஓடுவதிலிருந்து வேகப் பொருள் தோன்றியிருக்கலாம் என்ற விளக்கமும் உண்டு.

இடைக்கால ஆங்கிலத்தில் சொல்லிறுதி உயிரொலிகள் தேய்ந்து மறைந்தபோது, வினையடையும் பெயரடையும் ஒரே உருவம் கொண்டன. வினையடை பெற்றிருந்த வேகத்தைப் பெயரடையும் ஏற்றுக்கொண்டதற்குத் தெளிவான சான்றுகள் 16ஆம் நூற்றாண்டில்தான் கிடைக்கின்றன. இன்று ‘ஃபாஸ்ட்லி’ என்று எழுதும் மாணவரைத் திருத்தும் ஆசிரியர்களில் எத்தனை பேர், தேய்ந்துபோன அந்த ஓர் உயிரொலியே இதற்குக் காரணம் என்று சொல்லித் தருகிறார்கள்? ‘ஹார்ட்’ என்ற சொல் உருவம் மாறாமல் வினையடையாக வருவதற்கும் அதுவே காரணம்.

இத்தகைய பொருள் மாற்றம் ஆங்கிலத்தின் விசித்திரம் அன்று. வலிமையைக் குறிக்கும் ‘வல்’ என்பதையொட்டியே, ‘வளவரை வல்லைக் கெடும்’ என்ற குறளில் (480) ‘வல்லை’ விரைவு என்னும் பொருளில் நிற்கிறது. ‘கடு’ என்பதிலிருந்து கடுமையும் வந்தது, ‘கடுகி நடந்தான்’ என்ற வழக்கும் வந்தது. நிலைநிறுத்தப்பட்டது என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்த ‘ஃபிக்ஸ்’, ஜெர்மன் மொழியில் சுறுசுறுப்பையும் குறிக்கிறது.

ஒலி ஒற்றுமையை மட்டும் வைத்து வேர்களைக் கற்பிப்பது எளிது. எந்த நூற்றாண்டில் எந்தப் பொருளில் சொல் எழுதப்பட்டது என்று காட்டுவதே கடினம். அதைச் செய்துகாட்டிய ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் முதல் பகுதி 1884இலும் இறுதிப் பகுதி 1928இலும் வெளிவந்தன. மூன்றாண்டு நிதி ஒதுக்கி உடனடிப் பயன் கேட்பவர்களிடமிருந்து இத்தகைய பணியை எதிர்பார்க்க முடியாது என்பது என் கருத்து.

வாசகருக்கு நடைமுறை விடை இதுதான்: அருகிலுள்ள சொல்லைப் பாருங்கள். சாயம், பிடி, முடிச்சு, உறக்கம் போன்றவற்றோடு வந்தால் பழைய ‘ஃபாஸ்ட்’. கார், ரயில், பந்துவீச்சு என்றால் புதியது. கடிகாரம் ‘ஃபாஸ்ட்’ என்றால், அது முந்திக் காட்டுகிறது என்று பொருள்.