முதலில் குரல், அப்புறம் கை

பார்வையில்லாத ஒருவர் வார்டுக்கு வந்ததும் எங்களில் பலர் கேட்கும் முதல் கேள்வி, "கூட யாரு வந்திருக்கா?" அதில் தப்பில்லை. ஆனால் அப்புறமும் எல்லாக் கேள்வியும் கூட வந்தவரிடமே போகிறது. "இவருக்குச் சுகர் இருக்கா? காலையில சாப்பிட்டாரா?" கட்டிலில் இருப்பவருக்குக் காது நன்றாகவே கேட்கும். அவரைக் கேட்டால் அவரே சொல்வார்.

நான் மெடிக்கல் வார்டில் ஸ்டாஃப் நர்ஸ். எங்கள் வார்டில் இதை யாரும் சொல்லிக்கொடுக்காமலே சரியாகச் செய்தவர், துப்புரவு வேலை பார்க்கும் ஓர் அக்கா. ஓய்வு பெற்ற டெலிபோன் ஆபரேட்டர் ஒருவர் காலில் சர்க்கரைப் புண்ணோடு சேர்ந்திருந்தார். சின்ன வயதிலிருந்தே பார்வை கிடையாது. அக்கா உள்ளே வரும்போதே, "ஐயா, தரை துடைக்க வந்திருக்கேன். உங்க ஸ்டூலைத் தொடலை. ஈரம் காயட்டும், கொஞ்ச நேரம் இறங்காதீங்க" என்பார். போகும்போது "வரேங்கய்யா" என்று சொல்லாமல் நகர மாட்டார். இந்த "வரேங்கய்யா" முக்கியம். சொல்லாமல் நழுவிவிட்டால், அவர் வெறும் சுவரிடம் பேசிக்கொண்டிருப்பார்.

ஊசிக்கும் இதேதான். திடீரென்று கையில் பஞ்சு பட்டால் யாருக்கும் தூக்கிவாரிப் போடும். "ஐயா, சிஸ்டர் வந்திருக்கேன். இடது கையில வென்ஃப்ளான், அதான் மருந்து ஏத்தற ஊசிக்குழாய், போடணும், இப்போ ஸ்பிரிட் தடவறேன், சில்லுனு இருக்கும்" என்று சொல்லச் சில நொடிதான் ஆகும். கழிப்பறைக்குக் கூட்டிப்போகும்போது கையைப் பிடித்து இழுக்கவோ முதுகில் கைவைத்துத் தள்ளவோ வேண்டாம். உங்கள் முழங்கைக்குச் சற்று மேலே அவர் பிடித்துக்கொண்டு அரை அடி பின்னால் வரட்டும். ட்ரிப் ஏறும் கை எந்தப் பக்கம் என்று பார்த்து, மறுபக்கம் நில்லுங்கள். அழைப்பு மணியின் சுவிட்சைக் காட்டினால் போதாது, அவர் கையில் கொடுத்துப் பழக்க வேண்டும். வெள்ளைக் கோலை "ஓரமா வைக்கிறேன்" என்று எடுத்துப்போய்க் கதவுக்குப் பின்னால் சாத்துவது உதவி இல்லை.

அடுத்தது கைநாட்டு. ஒப்புதல் படிவம் என்றதும் மைப்பெட்டியைத் தேடுகிறோம். பார்வையில்லாதவர்களில் கையெழுத்துப் போடுகிறவர்கள் நிறையப் பேர். படிவத்தை முழுதாகப் படித்துக்காட்டிவிட்டு, கையெழுத்துக் கோட்டுக்குக் கீழே ஒரு ஸ்கேலை வைத்து, விரலை அதன் விளிம்பில் பிடித்து வைத்தால் போதும். அந்தப் பெரியவரும் அப்படித்தான் போட்டார். பல டாக்டர்கள் கையெழுத்தைவிட அது தெளிவு!

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன் 25-வது பிரிவு, அரசு, தனியார் என்று பாராமல் மருத்துவமனையின் எல்லாப் பகுதிக்கும் தடையில்லாமல் போய்வரும் வசதியையும், சிகிச்சையில் முன்னுரிமையையும் பேசுகிறது. ஓ.பி. வரிசையில் இதைக் கேட்டு வாங்க நோயாளிகள் தயங்குகிறார்கள். தயங்க வேண்டாம்.

வீட்டுக்கு அனுப்பும்போதுதான் உண்மையான சிக்கல். ஐரோப்பிய ஒன்றியத்தில் மருந்துப் பெட்டியின் மேல் பெயரைப் பிரெயிலில் (விரலால் தடவிப் படிக்கும் புள்ளி எழுத்தில்) அச்சிட வேண்டும் என்று 2004-லேயே சட்டம் வந்துவிட்டது. நம் ஊர் மாத்திரை அட்டைகளில் பெரும்பாலும் அது இருக்காது. இருந்தாலும் எல்லோருக்கும் உதவாது: நடுவயதில் பார்வை போனவர்கள் பலர் பிரெயில் கற்றதில்லை. இந்தப் பெரியவருக்குப் பிரெயில் தெரியும், ஆனால் சர்க்கரையால் விரல் நுனி மரத்துப்போய்விட்டது. கவரில் காலைக்கு ஒரு ஸ்டேப்ளர் பின், ராத்திரிக்கு இரண்டு என்று அடித்துக் கொடுக்கப் பார்த்தேன். "குத்தினாலும் எனக்குத் தெரியாதும்மா, ரப்பர் பேண்ட் போடு" என்றார். சரிதான், சர்க்கரைக்காரர் விரலில் காயம் படலாமா? காலை மாத்திரைக்கு ஒரு ரப்பர் பேண்ட், ராத்திரிக்கு இரண்டு. ஒவ்வொரு கவரையும் அவர் கையில் கொடுத்து, அவரையே சொல்லச் சொல்லிச் சரிபார்த்தேன். டிஸ்சார்ஜ் சீட்டை அவர் போனிலேயே படித்துப் பதிவு செய்தேன்: எந்த மாத்திரை எப்போது, புண்ணில் தண்ணீர் படக்கூடாது, காய்ச்சல் வந்தால் காத்திருக்காமல் வரணும், அடுத்த செக்கப் எந்தக் கிழமை, எந்த அறை.