பல்பர் தண்ணீரில் மை காய்ச்சாதீர்கள்

தாண்டிக்குடிப் பக்கம் ஒரு காப்பித் தோட்டம். பழத்தோல் உரிக்கும் பல்பர் எந்திரத்தின் கழிவுநீர், அதாவது பல்பர் தண்ணீர், தேங்கும் தொட்டி கன்னங்கரேலென்று கிடந்தது. "கேட்டலிஸ்ட் போட்டிருக்கு சார், ரெண்டு நாள்ல தெளிஞ்சிரும்" என்றார் தோட்டக்காரர். அந்தக் கேட்டலிஸ்ட் (வினையூக்கி) சாக்கைப் பிரித்தால் அன்னபேதி, அதாவது இரும்பு உப்பு. இந்த சீசனில் இது நாலாவது தோட்டம்.

அண்ணே, கடுக்காய்ச் சாற்றில் அன்னபேதி கலந்துதான் அந்தக் காலத்தில் மை காய்ச்சினார்கள். காப்பிப் பழத்திலும் துவர்ப்புச் சத்து உண்டு. இரும்பு பட்டால் கறுக்காமல் என்ன செய்யும்?

"வினையூக்கி செலவே ஆகாதாமே, ஒருதரம் போட்டாப் போதுமாமே" என்கிறார்கள். அழுக்கை எரிக்கிற வேலை ஹைட்ரஜன் பெராக்சைடுடையது; இரும்பு அதை முடுக்கிவிடும், அவ்வளவுதான். முடுக்கிவிட ஆளிருந்து வேலைக்கு ஆளில்லாவிட்டால்? கடைசியில் அமிலத்தைத் தணிக்கச் சுண்ணாம்பு போட்டதும் அந்த இரும்பும் சேறாக அடியில் தங்கிவிடும். அடுத்த தொட்டிக்குப் புதிதாகத்தான் போடவேண்டும்.

சரி, பெராக்சைடையே கொட்டிவிடலாமா? கணக்குப் போடுங்கள். 1 கிராம் சிஓடிக்கு (அழுக்கை எரிக்கத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) 2.1 கிராம் பெராக்சைடு வேண்டும். பல்பர் தண்ணீரில் லிட்டருக்கு 10 கிராம் சிஓடி சாதாரணம். 1,000 லிட்டருக்கு, 50 சதவீதக் கரைசலில் 42 கிலோ! காப்பி விற்ற காசு கேனுக்கே சரியாகிவிடும்.

அதனால்தான் தலைபாடாய் அடித்துக்கொள்கிறேன்: பெராக்சைடு கடைசி வேலை. முதலில் பல்பர் தண்ணீரைச் சுற்றிவிட்டுத் திரும்பப் பயன்படுத்துங்கள். தோலைச் சல்லடையில் பிடியுங்கள். புளித்ததும் பழத்தின் வழவழப்பு ஆடையாய் மிதந்து வரும், அள்ளுங்கள். பிறகு சுண்ணாம்பு, பிறகு காற்றுப் புகாத தொட்டி, எரிவாயுவும் கிடைக்கும். சிஓடி லிட்டருக்கு 1 கிராமுக்கு இறங்கினால் அதே 42 கிலோ, 4 கிலோவாகிவிடும். பெராக்சைடு கலக்கும்போது தண்ணீரின் பிஎச் (அமில, கார அளவு) 3 வாக்கில் இருக்கவேண்டும். ஆம், சுண்ணாம்பு போட்டு ஏற்றியதை அமிலம் விட்டு இறக்கத்தான் வேண்டும், என்னை முறைக்காதீர்கள்.

டைட்டானியம் பொடி (வெயில் பட்டால் வேலை செய்யும் இன்னொரு கேட்டலிஸ்ட்) தூவி வெயிலில் வைப்பவர்களே, அந்தக் கறுப்புத் தண்ணீருக்குள் வெயில் எங்கே நுழையும்?

தெளிந்த தண்ணீரெல்லாம் சுத்தமான தண்ணீர் இல்லை. சோதிக்காமல் ஓடையில் திறந்துவிடாதீர்கள், கீழே ஆட்கள் குடிக்கிறார்கள். (ஆய்வகத் தம்பிகளுக்கு: மிச்சப் பெராக்சைடு சிஓடியைக் கூட்டிக் காட்டும், அதைப் போக்கிவிட்டுச் சோதியுங்கள்.)

கையுறை, கண்ணாடி இல்லாமல் பெராக்சைடு கேனைத் தொடாதீர்கள். காற்றுப் போகும் மூடியை அடைத்துவைக்காதீர்கள். தயவுசெய்து இரும்பு டிரம்மில் மட்டும் ஊற்றிவைக்காதீர்கள். அங்கே டிரம்மே கேட்டலிஸ்ட்.