ரிப்போர்ட்டில் அந்த இரண்டாவது வரி

பயாப்ஸி ரிப்போர்ட்டில் 'புற்றுநோய்' என்ற சொல்லைப் பார்த்ததுமே பலர் தாளை மடித்துவிடுகிறார்கள். அதற்கு அடுத்த வரியிலேயே, எந்தத் திசுவிலான புற்று என்ற வகையும் இருக்கும். அதை எழுதுகிற நோய்க்குறியியல் மருத்துவர் என்பதால் எனக்கு அதில் கொஞ்சம் ஆதங்கம் உண்டு.

பாம்பன் பக்கத்து மீனவர் ஒருவர், முப்பதைத் தாண்டிச் சில வருடங்கள்தான். மலத்தோடு ரத்தம் போனதை உடம்புச் சூடு, மூலம் என்று மோரும் களிம்புமாக மாதக்கணக்கில் ஓட்டியிருக்கிறார். ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியபிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

மலக்குடல் புற்றுநோய். துணுக்கெடுத்துப் பார்த்த ஸ்லைடில் முத்திரை மோதிர செல்கள். செல்லுக்குள் சளி நிரம்பி உட்கருவை ஓரமாகத் தள்ளிவிடும், பார்க்க மோதிரமேதான். அவருடைய அண்ணன் கேட்டார்: "பக்கத்து வீட்டு மாமாவுக்கும் இதே கேன்சர்தான் சார். ஆபரேசன் முடிஞ்சு எட்டு வருசமா நல்லாருக்காரு. தம்பிக்கு மட்டும் ஏன் பயமுறுத்துறீக?"

நியாயமான கேள்வி. இடம் ஒன்றுதான், திசு வேறு. மலக்குடல் புற்றில் பெரும்பாலானவை சாதாரண அடினோகார்சினோமா, அதாவது சுரப்பிச் செல்களில் எழும் புற்று. மாமாவுக்கு இருந்தது அநேகமாக அதுவாக இருக்கும். கட்டியில் பாதிக்கு மேல் சளியாகவே இருந்தால் மியூசினஸ் வகை. வெட்டினால் கரையொதுங்கிய சொறி மீன்போல வழவழக்கும். கதிர்வீச்சும் கீமோவும் கொடுத்தாலும் மற்றதுபோல எளிதில் சுருங்காது. மோதிர செல் வகை நூற்றில் ஒன்று போலத்தான், ஆனால் இளவயதினரிடம் கூடுதலாகத் தென்படும். திரண்ட கட்டியாக எழாமல் சுவருக்குள்ளேயே பரவி, வயிற்று உறைவரை போய்விடும். இந்த வகையில் பிழைப்பவர்கள் குறைவு. கண்டுபிடிக்கும்போதே முற்றியிருப்பது அதற்குப் பாதிக் காரணம். அதே கட்டத்தில் ஒப்பிட்டாலும் உயிர்பிழைப்பு குறைவுதான். மறுபக்கம், 1 செ.மீ.க்குக் குறைவான நியூரோஎண்டோகிரைன் கட்டி (ஹார்மோன் சுரக்கும் செல்களில் எழுவது) என்றால் பெரும்பாலும் எண்டோஸ்கோப்பி வழியாக எடுத்தாலே போதும்.

நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதுதான் இன்னும் பெரிய கணக்கு. வகையை வைத்து மட்டும் நாள் குறிக்க முடியாது. பயாப்ஸியில் எடுக்கும் அரிசியளவு துணுக்கில் சளியின் பங்கைச் சரியாக அளக்கவும் முடியாது. ஆபரேசனில் எடுத்த முழுக் கட்டியும் வந்தபின் வகை மாறலாம்.

எம்எஸ்ஐ பரிசோதனையும் கேளுங்கள். டிஎன்ஏ பிழைகளைத் திருத்தும் வேலை கட்டியின் செல்களில் பழுதாகியிருக்கிறதா என்று அது காட்டும். இந்த மாற்றம் சிலருக்கே இருக்கும். 2022-இல் வெளியான ஓர் ஆய்வில் இப்படிப்பட்ட 12 மலக்குடல் நோயாளிகளுக்கு டோஸ்டார்லிமாப் என்ற இம்யூனோதெரபி மருந்து (உடலின் நோய் எதிர்ப்புச் சக்தியையே புற்றுக்கு எதிராகத் திருப்புவது) மட்டும் கொடுத்தார்கள். 12 பேருக்கும் கட்டி மறைந்தது.

எம்எஸ்ஐ பரிசோதனையை, பயாப்ஸித் துணுக்கைப் பதித்து வைத்திருக்கும் பழைய மெழுகு பிளாக்கிலேயே செய்யலாம். மேல்சிகிச்சைக்கு மதுரைக்குப் போகும்போது ரிப்போர்ட்டோடு பிளாக்கையும் ஸ்லைடையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம், பைக் பெட்டியில் வெயிலில் வைக்காதீர்கள். மெழுகு இளகிவிடும்.