"ஒரு குறையும் இல்லைங்க, ஆனா ஒண்ணும் பிடிக்கல"

குன்னூரில் மனநல ஆலோசகராக இருக்கிறேன். வருகிறவர்களில் பலர் கேட்பது, "இந்தக் கவலையை மட்டும் போக்கிடுங்க மேடம், அப்புறம் நான் சந்தோஷமா இருப்பேன்" என்றுதான். கவலை குறைவதும் சந்தோஷம் கூடுவதும் வெவ்வேறு வேலைகள்.

வாட்சன், கிளார்க், டெலிகன் என்ற உளவியலாளர்கள் மூவரும் உணர்வுகளை அளக்க 1988-இல் வெளியிட்ட அளவுகோலில் ஆர்வம், உற்சாகம், பெருமிதம் என 10 சொற்கள். பயம், எரிச்சல், குற்ற உணர்வு என 10 சொற்கள். இரண்டுக்கும் தனித்தனி மதிப்பெண். கலகலப்பான சுபாவம் முதல் வகையோடும், எளிதில் கலங்கும் சுபாவம் இரண்டாம் வகையோடும் ஒட்டி வருவதை 1980-இலேயே கோஸ்டா, மெக்ரே என்ற உளவியலாளர்கள் காட்டிவிட்டார்கள்.

கொழுந்து பறிக்கும் ஓர் அம்மா வருவார். (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) சின்ன வயதிலிருந்தே பயந்த சுபாவம். காலையில் மகள் பஸ்ஸுக்குப் போகும் வழியில் காட்டெருமை நிற்குமோ, சாயங்காலம் இலை எடை குறையுமோ என்று நாள் முழுக்கக் கலக்கம். வாழ்க்கைத் திருப்தியை அளக்க உளவியலாளர் டீனரின் குழு 1985-இல் தந்த 5 வாக்கியங்களை அவருக்கு வாசித்தேன். 35-க்கு 20-ஐத் தாண்டினாலே திருப்திப் பக்கம். அவர் நன்றாகவே தாண்டினார். "பயம் பாட்டுக்கு இருக்கும் மேடம், அதுக்காக கூட்டாளிங்களோட சிரிக்காம இருக்க முடியுமா?"

ஓய்வுபெற்றுக் கோத்தகிரியில் வீடு கட்டியவர் ஒருவர். பென்ஷன் வருகிறது, பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள், பதற்றம் துளியும் இல்லை. தலைப்பில் இருப்பது அவர் சொன்னதுதான். "அவர் எப்பவுமே அமைதிங்க" என்று வீட்டார் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் விட்டுவிட்டார்கள். ஐந்து வருடம் முன்பு எப்படி இருந்தார் என்று மனைவியிடம் கேட்டேன். "விடிஞ்சா கத்தரிக்கோலோட ரோஜாச் செடிகிட்டதான் நிப்பார். இப்ப அந்தப் பக்கமே போறதில்ல." அமைதி சுபாவம், ரோஜாவை விட்டது சுபாவம் அல்ல, மனச்சோர்வு.

இப்படிப்பட்டவரை "நாலு பேரோட பழகுங்க" என்று விரட்டுவது எனக்கு உடன்பாடில்லை. அவருக்குச் செடிகளே போதும். மனசு வரட்டும் என்று காத்திருக்காமல், தினமும் காலை பத்து நிமிடம் தோட்டத்தில் நிற்க வேண்டும். எது கொஞ்சமாவது பிடித்தது என்று ஒரு வரி எழுத வேண்டும். அங்கிருந்துதான் தொடங்கினோம். அக்டோபர், நவம்பர் மழையில் வெளியே போக முடியாத நாட்களுக்குத் தொட்டிகளை வராந்தாவுக்கு மாற்றச் சொன்னேன்.

முன்பு பிடித்த எதுவும் 2 வாரத்துக்கு மேல் பிடிக்காமல் போனால், அழுகையோ கவலையோ இல்லாவிட்டாலும் ஆலோசகரைப் பாருங்கள். மலையிறங்க முடியாதவர்கள் 14416 என்ற டெலி மனாஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.