ரிங் போச்சா, பிரீதர் அடைச்சுதா?

"ரிங் போச்சுங்க, இஞ்சினை இறக்கிரலாம்."

பதினைந்து, இருபது வருடம் ஓடிய வண்டியில் இஞ்சின் தலைமேல் மூடியிருக்கும் டேப்பெட் கவர் ஓரம் ஆயில் கசிந்து, ஏர் ஃபில்டரும் ஆயிலில் நனைந்திருந்தால், கோவையிலோ ஈரோட்டிலோ பட்டறைக்காரர் வாயில் முதலில் வருவது இதுதான். சில வண்டிகளுக்கு அது சரி. ஆனால் அடைத்துப்போன பிரீதரும், அதாவது இஞ்சினுக்குள் சேரும் வாயு வெளியேறும் ஹோஸும், இதே அறிகுறிகளையெல்லாம் காட்டும். எது என்று பார்க்காமல் இஞ்சினைப் பிரிப்பது வீண் செலவு.

எரிபொருள் எரியும் நொடியில், முழு பாரம் இழுக்கும் பெட்ரோல் இஞ்சினின் சிலிண்டருக்குள் வளிமண்டல அழுத்தத்தைப் போல 40, 50 மடங்கு அழுத்தம் உண்டாகிறது. டீசலில் இன்னும் அதிகம். இதைக் கீழே இறங்கவிடாமல் தடுப்பவை பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகள். மேல் இரண்டும் கம்ப்ரஷனைப் பிடிக்க. அடியில் உள்ளது போரின் (பிஸ்டன் ஏறி இறங்கும் துளை) சுவரில் ஒட்டிய ஆயிலை வழித்துவிட. ரிங் முழு வட்டம் அல்ல. மாட்டுவதற்கும் சூட்டில் விரிவதற்கும் ஓரிடத்தில் வெட்டு உண்டு. அந்த இடுக்கு வழியாகவும் ரிங் உட்காரும் பள்ளத்தின் பின்பக்கமாகவும் கொஞ்சம் வாயு கிராங்க்கேஸுக்குள் (பிஸ்டனுக்குக் கீழே கிராங்க் சுழலும் அறை) இறங்கத்தான் செய்யும். இதுதான் ப்ளோபை. ஷோரூமிலிருந்து நேற்று எடுத்த வண்டியிலும் இது உண்டு. பழைய வண்டியில் கூடுதல், அவ்வளவுதான்.

அந்த வாயுவோடு எரியாத பெட்ரோல், கரி, நீராவி எல்லாம் சேர்ந்து இறங்குகின்றன. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகும் என்றால் நம்பச் சிரமம்தான். பெரும்பகுதி சைலன்ஸர் வழியே ஆவியாகப் போய்விடுகிறது. அடியில் ஆயில் தேங்கும் சம்ப்புக்கு இறங்கும் சிறு பங்கு, இஞ்சின் முழுசாகச் சூடேறாவிட்டால் அங்கேயே தங்கி ஆயிலோடு கலக்கும். கோத்தகிரி, குன்னூர் குளிரில் கடைக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓடும் காரின் ஆயில் மூடியைத் திறந்தால், அடியில் வெண்மஞ்சளாகக் கொழகொழவென்று ஒட்டியிருப்பது அதுதான். ஹெட் கேஸ்கட் (ரேடியேட்டர் தண்ணீர் ஆயிலில் கலக்காமல் தடுக்கும் தகடு) போய்விட்டதோ என்று பதறுவதற்குமுன் ரேடியேட்டரில் தண்ணீர் குறைகிறதா என்று பாருங்கள். குறையவில்லையென்றால் வண்டியை ஒருமுறை மேட்டுப்பாளையம் இறக்கி ஏற்றினாலே பாதி காய்ந்துவிடும்.

இறங்கிய வாயு வெளியேறவும் வழி வேண்டும். அந்தக் காலத்து வண்டிகளில் ஒரு குழாயைச் சாலையைப் பார்த்துத் திறந்து விட்டிருப்பார்கள். 1920-ல் ஜி.டி. நாயுடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் பஸ் விட்ட காலம் அது. புகையைப் பற்றிக் கவலைப்பட ஆளில்லை. லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் புகைமூட்டத்துக்கு வண்டிகளின் எரியாத எரிபொருளும் காரணம் என்று ஹாகன்-ஸ்மிட் என்ற விஞ்ஞானி 1950-களில் காட்டிய பிறகுதான், கிராங்க்கேஸ் வாயுவைத் திரும்ப இஞ்சினுக்கே கொடுத்து எரிக்கும் பிசிவி (பாசிட்டிவ் கிராங்க்கேஸ் வென்டிலேஷன்) ஏற்பாடு கட்டாயமாகும் நிலைக்கு வந்தது.

பிசிவி வால்வு கட்டைவிரல் அளவுதான் இருக்கும். உள்ளே ஒரு ஸ்பிரிங்கும் ஒரு சிறு முளையும். ஐடிலில், காற்று உள்ளே போகும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டு பலமாக உறிஞ்சும்போது முளை இழுபட்டு வழியைக் குறுக்குகிறது. ஆக்ஸிலேட்டரை மிதித்து உறிஞ்சல் குறையும்போது ஸ்பிரிங் தள்ளி வழியை அகலமாக்குகிறது. ப்ளோபை அதிகமாக வரும் நேரமும் அதுவே. கழற்றிக் குலுக்கினால் கடகடக்க வேண்டும். சத்தமில்லையென்றால் கசடு பிடித்து முளை ஒட்டிக்கொண்டது. கார்புரேட்டர் கிளீனர் அடித்துப் பார்க்கலாம், ஆனால் புதிது மாற்றுவதே நல்லது. அதுவும் அந்த இஞ்சினுக்கு உரியதையே. பார்க்க ஒன்றுபோல இருக்கும் வால்வுகள் விடும் காற்றின் அளவு ஒன்றாக இருக்காது.

பழைய டீசலில் இந்த வால்வு இருக்காது. காற்றைக் குறுக்கும் த்ராட்டில் தகடு இல்லாததால் இன்டேக்கில் உறிஞ்சல் குறைவு. டேப்பெட் கவரிலிருந்து ஒரு ஹோஸ் ஏர் ஃபில்டர் பக்கம் போகும். பல வண்டிகளில் கவருக்குள்ளேயே ஆயிலைப் பிரிக்கும் தகடும் கம்பி வலையும் இருக்கும். ஆயில் மாற்றத் தவறிய வண்டிகளில் முதலில் அடைவது அந்த வலைதான். அடுத்து ஹோஸ். வெளியே தொட்டால் நன்றாக இருக்கும். கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஆயிலில் ஊறிய உள்ரப்பர் உப்பி, பென்சில்கூட நுழையாது.

வழி அடைந்தால் வாயு சீல்களைத் தேடும். ஆயில் சீலின் உதடு தெறிக்கும் ஆயிலைத் தடுக்கச் செய்தது. அழுத்தத்தைத் தாங்க அல்ல. கியர்பாக்ஸை இறக்கி கிராங்கின் பின்முனையில் உள்ள ரியர் மெயின் சீலைப் புதிதாகப் போட்டும் மறுபடி கசிகிறது என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

அளந்து பார்க்க ஒரு எளிய வழி உண்டு. கொத்தனார் மட்டம் பார்க்கும் ட்யூபை வாங்கிக்கொள்ளுங்கள். பழைய ஆயில் மூடி ஒன்றில் ஓட்டை போட்டு ஒரு முனையை இறுக்கமாகச் செருகி, மீதியை 'U' வடிவில் தொங்கவிட்டு அரைவாசி தண்ணீர் ஊற்றுங்கள். இரு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் 10 செ.மீ. வித்தியாசம் வந்தால் அது வளிமண்டலத்தில் நூறில் ஒரு பங்கு. ட்யூப் நீளமாக இருக்கட்டும், தண்ணீர் இஞ்சினுக்குள் போய்விடக் கூடாது. இஞ்சினைச் சூடாக்கி ஐடிலிலும் கொஞ்சம் ரேஸ் கொடுத்தும் பாருங்கள். பிறகு பிரீதர் ஹோஸை டேப்பெட் கவரிலிருந்தே கழற்றிவிட்டு அதே ரேஸில் மறுபடி பாருங்கள். மட்ட வித்தியாசம் சட்டென்று குறைந்தால் அடைப்பு ஹோஸிலோ ஏர் ஃபில்டரிலோதான். அசையவில்லையா, கவரைத் திறந்து வலையைக் கழுவுங்கள். அதன் பிறகும் அப்படியே நின்றால்தான் ரிங் மீது சந்தேகப்பட வேண்டும்.

டீசலில் பலர் கவனிக்காத ஒன்று, பிரேக் பூஸ்டருக்காக ஆல்டர்னேட்டரின் பின்னால் இருக்கும் வேக்யூம் பம்ப். அது உறிஞ்சும் காற்றைச் சம்ப்புக்குத்தான் அனுப்புகிறது. பூஸ்டர் ஹோஸில் ஒரு வெடிப்பு இருந்தால் போதும், வெளிக்காற்று இடைவிடாமல் கிராங்க்கேஸுக்குள் இறங்கும். பட்டறையில் பார்ப்பவருக்கு அது அப்படியே ப்ளோபை.

ரிங்கை உறுதிசெய்ய, பிஸ்டனைக் கம்ப்ரஷன் உச்சியில் நிறுத்தி, பிளக் துளை வழியாகக் கம்ப்ரஸர் காற்றை விடவேண்டும். கிராங்க் சுழன்றுவிடாதபடி பிடித்து, ஃபேன் பக்கம் கை வைக்காமல். டிப்ஸ்டிக் துளையில் காதை வைத்தால் 'உஸ்' கேட்கிறதா, ரிங். ஏர் ஃபில்டர் பக்கம் கேட்டால் இன்லெட் வால்வு, சைலன்ஸரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட். நல்ல இஞ்சினிலும் டிப்ஸ்டிக்கில் லேசாகக் கேட்கும். ஆகையால் நான்கு சிலிண்டரையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

பிரீதர் ஹோஸைக் கழற்றி ஒரு காலி வாட்டர் பாட்டிலில் விட்டுக் கட்டிவைப்பதை நம் ஊர் வண்டிகளில் நிறையப் பார்க்கலாம். ஏர் ஃபில்டர் நனையாது என்பது உண்மைதான். நோய் அப்படியே இருக்கும், புகையும் ரோட்டுக்குப் போகும். போல்ட்டை வைத்து அடைப்பது அதைவிட மோசம். அதேசமயம் ஆயில் அள்ளும் டீசலை அப்படியே ஓட்டுவதிலும் ஆபத்து உண்டு. இன்டேக்குக்குள் போகும் ஆயிலும் எரிபொருள்தான்; அளவு மீறினால் சாவியை அணைத்தாலும் நிற்காமல் இஞ்சின் தானே ரேஸாகும். கியரில் போட்டு பிரேக்கை மிதித்தோ காற்று வரும் வழியை அடைத்தோதான் நிறுத்த முடியும். காற்றை அடைக்கக் கையைக் கொண்டு போகாதீர்கள், பலகை வேண்டும்.

ரிங் உண்மையிலேயே போயிருந்தால், தேய்ந்த போரில் புது ரிங்கை மட்டும் மாட்டிப் பயனில்லை. போரை அளந்து, ஹோனிங் (சுவரை உரசிச் சீராக்குவது) செய்து, தேவைப்பட்டால் ஸ்லீவ் (போரின் உள்ளுறை) மாற்ற வேண்டும். ஏர் ஃபில்டருக்குப் பின்னால் உள்ள ஹோஸில் வெடிப்பு இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். தென்னந்தோப்பு மண்பாதையிலும் செங்கல் சூளையிலும் ஓடும் வண்டிகளின் போரைத் தின்பது அந்த வழியே நுழையும் புழுதி. ரிங் வேலை முடித்து மாட்டிய இஞ்சினை மணிக்கணக்கில் ஐடிலில் விட்டால் ரிங் போரில் சரியாகப் படியாது, சுவர் வழவழத்துவிடும். வெளியே எடுத்து, மிதமான பாரத்தில், ஏற்றமும் இறக்கமுமாக ஓட்டுங்கள்.