சூட்: நிறம் அல்ல, இனம்

படுகி என்ற போக்கர் சீட்டாட்ட வகையைத் தமிழில் விளக்கும் காணொளி ஒன்று பார்த்தேன். “நான்கு சீட்டும் நான்கு வேறு நிறத்தில் இருக்க வேண்டும்” என்கிறார் அதில் பேசுபவர். இதே வாசகத்தை முன்பும் சில இடங்களில் படித்தாயிற்று. சீட்டுக்கட்டில் இருப்பதே சிவப்பு, கறுப்பு என்ற இரண்டு நிறம். மற்ற இரண்டுக்கு எங்கே போவது?

அவர் சொல்ல வந்தது ஆங்கிலத்தின் சூட் (suit), அதாவது சீட்டில் உள்ள குறியை வைத்துப் பிரிக்கும் வகை. பின்தொடர்தலைக் குறிக்கும் லத்தீன் வேர், பிரெஞ்சு வழியாக வந்து, கூடவே வரும் கூட்டம், தொகுதி என்று விரிந்தது. இஸ்பேட், ஆட்டின், டைமன், கிளாவர் என்று நான்கு. ஒவ்வொன்றிலும் 13 சீட்டு.

படுகி ஆட்டத்தில் ஆளுக்கு நான்கு சீட்டு. வேண்டாததைப் போட்டுவிட்டு மூன்று முறை மாற்றலாம். ஏஸ்தான் ஆகச் சிறியது. சிறிய எண்ணே ஜெயிக்கும். எண்ணோ சூட்டோ இரட்டித்தால் அதில் ஒரு சீட்டு கணக்கில் சேராது. இஸ்பேட் ஏஸ், ஆட்டின் 2, டைமன் 3, ஆட்டின் 7 வைத்திருந்தால் அந்த 7 கழிந்து மூன்று சீட்டுக் கைதான் மிச்சம். நான்கும் நான்கு சூட்டாக, எண்ணும் வேறு வேறாக அமைந்தால்தான் அந்தக் கைக்கும் படுகி என்று பெயர். 10, ஜாக்கி, ராணி, ராஜா என்ற கடைசித்தரப் படுகிகூட எந்த மூன்று சீட்டுக் கையையும் அடித்துவிடும். பிரித்துப் போட்டதுமே படுகி அமைவது 2,70,725 கைகளில் 17,160 மட்டுமே. அவ்வளவு அரிதாகக் கிடைத்த கையில், ‘நிறம்’ என்பதை நம்பியவர் ஆட்டினும் டைமனும் ஒரே சிவப்பு என்று ஒன்றைத் தூக்கிப் போட்டுவிடுவார்.

பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் நிறத்தைக் குறிக்கும் சொல்தானே சூட்டுக்கும் வழங்குகிறது என்று வாதிடலாம். வழங்குகிறது. ஆனால் அங்கே அந்தச் சொல்லுக்கு இரண்டாவது பொருளாக இது வேரூன்றிவிட்டது. தமிழில் நிறம் என்றால் கண்ணுக்குத் தெரியும் நிறம்தான். ஒரு கட்டைக் கையில் எடுத்து விரித்துப் பார்க்காமலே மொழிபெயர்க்க உட்காருகிறார்கள்; எனக்குப் பொறுக்காதது அதுதான்.

சீட்டாடும் பெரியவர்கள் ‘ஜாதி’ என்பார்கள். வகை என்ற பொருளில் பிழையில்லை. ஆனாலும் ‘நான்கு ஜாதி’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

இனம் என்பதே சரி. வகை என்ற பொருளோடு, கூடியிருக்கும் கூட்டம் என்ற பொருளும் அதற்கு உண்டு. குறளில் ‘சிற்றினம் சேராமை’ என்று அதிகாரமே இருக்கிறதே. சூட்டின் வேர்ப்பொருளும் இதுவே. ‘நான்கு சீட்டும் நான்கு இனம்’ என்று சொல்லிப் பாருங்கள், யாருக்கும் குழப்பம் வராது. சிவப்பில் இரண்டு இனம், கறுப்பில் இரண்டு இனம் என்று சொல்ல நிறமும் தன் வேலைக்குத் திரும்பிவிடும்.