‘மிஸ்அட்வைஸ்’ என்றால் ஏமாற்றினார் என்று அர்த்தமில்லை

மொழிபெயர்ப்புக்காக என்னிடம் வருவதில் நிறைய புகார்க் கடிதங்கள்தான். அவற்றில் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிற ஆங்கில வினைச்சொல் மிஸ்அட்வைஸ். பேச்சில் அநேகமாக வராது, கோட்டு சூட்டு போட்ட சொல். ஒருவருக்குத் தவறான ஆலோசனை தருவது, அவ்வளவுதான் பொருள். ஆனால் அதைத் தமிழுக்குக் கொண்டுவரும்போது நடக்கிற கூத்து இருக்கிறதே!

ஆரம்ப காலத்தில் நானே செய்த தப்பைச் சொல்கிறேன். முதலீட்டு ஆலோசகர் ஒருவரின் பேச்சைக் கேட்டுப் பணத்தை விட்டவர், தான் மிஸ்அட்வைஸ் செய்யப்பட்டதாக எழுதியிருந்தார். நான் அதை “ஏமாற்றப்பட்டேன்” என்று மாற்றிவிட்டேன், படிக்க விறுவிறுப்பாகத்தான் இருந்தது, ஆனால் அவர் சொன்னது அதுவல்ல. ஏமாற்றினார் என்றால் தெரிந்தே செய்தார் என்றாகிவிடும், அப்புறம் அதைக் காட்டவேண்டிய பாரம் புகார் கொடுத்தவர் தலையில் ஏறும். மிஸ்அட்வைஸில் உள்நோக்கம் பற்றிய பேச்சே இல்லை. நல்ல மனதோடு, விவரம் போதாமல், அவசரத்தில் சொல்லியிருந்தாலும் அந்தச் சொல் பொருந்தும். சரி, துர்போதனை என்று போடலாமா? கூனி கைகேயிக்கு ஓதியது ஞாபகம் வரும். வேண்டாம்.

இன்னொரு வம்பு, அட்வைஸ் என்ற சொல்லே நம் வாயில் வேறாகிப்போனது. “அட்வைஸ் பண்ணாதே” என்றால் உபதேசம் செய்யாதே என்று அர்த்தம். அதனால் மிஸ்அட்வைஸைப் பார்த்ததும் “தவறான அறிவுரை” என்று கை தானாக எழுதுகிறது. அறிவுரை பெரியவர்கள் சொல்வது. வக்கீலோ கணக்காளரோ தொழில்முறையில் சொல்வது ஆலோசனை.

தவறான தகவல் தருவதும் வேறு. கடைசித் தேதியை மாற்றிச் சொன்னால் அது தகவல் பிழை, அதற்கு மிஸ்இன்ஃபார்ம் என்றொரு சொல் தனியாக இருக்கிறது. “விண்ணப்பிக்கவே வேண்டாம், இப்படியே விடுங்கள்” என்று, செய்யவேண்டியதைப் பற்றித் தப்பாக யோசனை சொன்னால்தான் மிஸ்அட்வைஸ். இலக்கணமும் கொஞ்சம் கவனிக்க வேண்டும்: ஆளைத்தான் மிஸ்அட்வைஸ் செய்வார்கள், காரியத்தை அல்ல. யோசனையில்லாமல் செய்த காரியத்தைச் சொல்ல இல்-அட்வைஸ்டு என்று வேறு சொல் உண்டு. அப்புறம், ஆங்கிலத்தில் அட்வைஸை வினையாக எழுதும்போது கடைசி ‘ஈ’க்கு முன்னால் வருவது ‘சி’ எழுத்து அல்ல, ‘எஸ்’; மிஸ்அட்வைஸுக்கும் அப்படித்தான்.

இந்தச் சொல் பெரும்பாலும் செயப்பாட்டு வினையாகத்தான் வரும், சொன்னவர் யார் என்பது அதில் நைசாக ஒளிந்துகொள்ளும். நீங்கள் புகார் எழுதினால் ஆளையும் நாளையும் சேர்த்தே எழுதுங்கள், என்ன கேட்டீர்கள், என்ன சொன்னார், அதை நம்பி என்ன செய்தீர்கள் என்று. மாறாக, ஒரு நிறுவனமே “நீங்கள் மிஸ்அட்வைஸ் செய்யப்பட்டிருக்கிறீர்கள், வருந்துகிறோம்” என்று பதில் போட்டால், அதைச் சும்மா மரியாதைக்கு எழுதிய வரி என்று கடந்துபோகாதீர்கள். ஆலோசனை சொன்னது அவர்கள் ஆளாக இருந்தால், எங்கள் ஆள் தப்பாகச் சொல்லிவிட்டார் என்று அவர்களே ஒப்புக்கொள்கிற மாதிரிதான் அது. ஒரு வாடிக்கையாளர் அப்படி வந்த கடிதத்தைக் கிழிக்கப் போனார், நல்லவேளை, அதற்குமுன் என்னிடம் அர்த்தம் கேட்டார்.